ஆறு படங்கள், ஐந்து நிறுவனங்கள்: இயக்குநர் கினுயோ தனாகா

2021 அக்டோபரில் பிரான்சின் லியோன் நகரில் நடந்த லூமியேர் திரைப்பட விழாவில், இறந்து 44 ஆண்டுகள் ஆன ஒரு ஜப்பானிய நடிகைக்காகத் தனியாக ஒரு வரிசை ஒதுக்கப்பட்டது. அவர் நடித்துப் புகழ்பெற்ற படங்களை அந்த வரிசையில் முதன்மையாக வைக்கவில்லை. அவர் இயக்கிய ஆறு படங்களையும், புதுப்பிக்கப்பட்ட டிஜிட்டல் பிரதிகளில், ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிட்டார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு, கான் விழாவின் செவ்வியல் பிரிவில் அந்த ஆறில் ஒன்று காட்டப்பட்டிருந்தது. 2022 மார்ச்சில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ஆறும் வந்தன. சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழா இதை 2020இலேயே செய்யத் திட்டமிட்டிருந்தது. நடந்திருந்தால் அந்த விழாவின் வரலாற்றில் ஒரு பெண் இயக்குநருக்கு நடத்தப்பட்ட முதல் முழுத் தொகுப்புத் திரையிடலாக அது இருந்திருக்கும். பெருந்தொற்று குறுக்கே வந்துவிட்டது.

அந்த நடிகையின் பெயர் கினுயோ தனாகா. உலக சினிமா பார்த்துப் பழகிய தமிழ் ரசிகருக்கு அவர் முகம் தெரியும், பெயர் தெரியாமலிருக்கலாம். இயக்குநர் மிசோகுச்சியின் 'ஒஹருவின் வாழ்க்கை'யில் அரண்மனையிலிருந்து தெருவுக்கு வந்து சேரும் ஒஹரு அவர்தான். 'உகெட்சு'வில் பேயாகத் திரும்பிவந்து கணவனுக்குச் சமைத்துப்போடும் மனைவி அவர்தான். 'சன்ஷோ'வில் கடற்கரைக் குன்றின்மேல் பிள்ளைகளின் பெயரைக் கூவி அழைக்கும் தாயும் அவர்தான். இந்த மூன்று படங்களும் 1952, 1953, 1954 என்று அடுத்தடுத்து வந்தவை. இவற்றுக்கு நடுவே, 1953 டிசம்பரில், தன் முதல் படத்தை இயக்கி வெளியிட்டுவிட்டார் என்பதைத்தான் சினிமா வரலாறுகள் ஒரு வரியில் கடந்து போயின.

ஒருவரைக் கௌரவிக்கும் திரையிடல் என்றால் மாலை, பொன்னாடை, பழைய படத்திலிருந்து நான்கு பாடல் என்று நாம் பழகிவிட்டோம். ஒரு கலைஞரின் படங்கள் மொத்தமாக, வரிசையாக, நல்ல பிரதியில் காட்டப்படும்போது வேறொன்று நடக்கிறது. அதுவரை அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட தீர்ப்பைச் சரிபார்க்க முடிகிறது. தனாகாவைப் பற்றி இருந்த தீர்ப்பு, பெரிய நடிகை, இடையில் கொஞ்சம் இயக்கியும் பார்த்தார் என்பது. ஆறு படங்களையும் சேர்த்துப் பார்த்தவர்களால் அந்த வாக்கியத்தை அதன்பின் சொல்ல முடியவில்லை. இந்த உரையின் வாதம் அதுதான்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். 1909 நவம்பரில் ஷிமோனோசெகி என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை சிறு வயதிலேயே இறந்தார். குடும்பம் நொடிந்து ஒசாகாவுக்குப் பெயர்ந்தது. பிவா என்னும் நரம்புக் கருவியைக் கற்று, சிறுமியர் இசைநாடகக் குழுவில் மேடையேறினார். 1924இல், 14 வயதில், ஷொச்சிக்கு நிறுவனத்தில் சேர்ந்து மௌனப்படத்தில் முகம் காட்டினார். 1931இல் ஜப்பானின் முதல் வெற்றிகரமான பேசும்படம் என்று சொல்லப்படும் கோஷோவின் 'பக்கத்து வீட்டம்மாளும் என் மனைவியும்' படத்தில் மனைவியாக வந்தார். மௌனப்பட நட்சத்திரங்கள் பலர் குரலால் வீழ்ந்த காலத்தில், இவர் குரலால் இன்னும் உயர்ந்தார். 1938இல் வந்த 'ஐசென் கட்சுரா'வில், மருத்துவரைக் காதலிக்கும் செவிலியாக நடித்து நாடு முழுக்கப் பெண்களை அழவைத்தார். போர்க்காலத்தில் ராணுவத்துக்காக எடுக்கப்பட்ட கினோஷிட்டாவின் 'படை' (1944) படத்தின் கடைசிக் காட்சியில், போருக்கு அணிவகுத்துப் போகும் மகனைக் கூட்டத்துக்குள் தேடிக்கொண்டே ஓடும் தாயாக, வசனமே இல்லாமல் அந்தப் பிரச்சாரப் படத்தைத் தலைகீழாக்கினார். வாழ்நாளில் நடித்தவை சுமார் 250 படங்கள்.

இப்படி ஒரு நாட்டின் செல்லப்பிள்ளையாக இருந்தவரை அந்த நாடு ஒரே நாளில் வசைபாடியது.

1949 அக்டோபரில் நல்லெண்ணத் தூதராக அமெரிக்கா போனார், கிமோனோவில். 1950 ஜனவரியில் திரும்பினார், மேல்நாட்டு உடையில், கறுப்புக் கண்ணாடியுடன். டோக்கியோவின் கின்சா வீதியில் திறந்த காரில் ஊர்வலம் வந்தபோது கூட்டத்தை நோக்கி முத்தத்தைக் காற்றில் அனுப்பினார். அமெரிக்கப் படைகளின் ஆட்சியில் இருந்த, தோல்வியின் புண் ஆறாத நாடு அதைத் தாங்கவில்லை. பத்திரிகைகள் அவர் நடையை, உடையை, வயதை ஏளனம் செய்தன. 40 வயது ஆகிவிட்டது, அழகு போய்விட்டது என்று எழுதினார்கள். வீட்டை விட்டு வெளியே வரமுடியாத நிலையில் அவர் சாவைப் பற்றி எண்ணியதாகவும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்கர்களோடு பழகிய பெண் என்ற சொல்லுக்கு அன்றைய ஜப்பானில் என்ன எடை இருந்தது என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்தவர், மூன்றாண்டு கழித்துத் தன் முதல் படத்துக்கு எடுத்துக்கொண்ட கரு எது என்று பாருங்கள்.

'காதல் கடிதம்' ஷிபுயாவின் ஒரு சந்தில் நடக்கிறது. நாடு திரும்பிவிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பணம் வரவழைக்க, ஜப்பானியப் பெண்கள் வந்து போகும் சிறு கடை. கடிதம் எழுதித் தருபவன் கடற்படையிலிருந்து திரும்பியவன். காணாமல்போன தன் பழைய காதலியைத் தேடிக்கொண்டிருப்பவன். ஒரு நாள் உள்ளறையில் இருக்கும்போது வாசலில் அவள் குரல் கேட்கிறது. அவளும் கடிதம் எழுதிக்கொள்ளவே வந்திருக்கிறாள். இதை ஓர் ஆண் இயக்குநர் எடுத்திருந்தால், ஏமாந்த காதலனின் வேதனைக்குள் படம் முழுக்க நின்றிருக்கக்கூடும். தனாகா அவனை நல்லவனாகவே வைத்துக்கொண்டு, அவன் நீதிபதியாக உட்கார முயலும் இடத்தில் அவனை எழுப்பிவிடுகிறார். போரில் எல்லாருக்கும் பங்கு உண்டு, அவளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நீ யார் என்று நண்பனே அவனைக் கேட்கிறான். திரைக்கதை எழுதியவர் கினோஷிட்டா. படம் 1954இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது.

படம் இயக்கும் ஆசை திடீரென்று வந்ததல்ல. அதே 1953இல் மிகியோ நருசேயின் 'அண்ணனும் தங்கையும்' படத்தில் உதவி இயக்குநராக வேலை பார்த்தார். 30 ஆண்டு அனுபவமும் நாடறிந்த முகமும் உள்ளவர், படப்பிடிப்புத் தளத்தில் உதவியாளர் வரிசையில் நின்று தொழில் கற்றார். அவருக்கு முன்னால் ஜப்பானில் கதைப்படம் இயக்கிய பெண் ஒரே ஒருவர்தான்: மிசோகுச்சியிடம் உதவியாளராக இருந்த தசுகோ சகானே. அவருடைய 1936ஆம் ஆண்டுப் படம் இன்று இல்லை. போருக்குப் பின் அவரை மறுபடி இயக்குநர் நாற்காலியில் உட்காரவிடவில்லை; படத்தொடர்ச்சிக் குறிப்பு எழுதும் வேலைக்குத் திரும்பினார். 1946 ஏப்ரலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்து, 39 பெண்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய நாடு அது. ஸ்டுடியோக்களின் கதவு அந்த வேகத்தில் திறக்கவில்லை.

எதிர்ப்பு வந்த இடம் வருத்தம் தருவது. தனாகாவை வைத்துத் தன் மகத்தான படங்களை எடுத்த மிசோகுச்சியே அவர் இயக்குநராவதை விரும்பவில்லை. இரண்டாவது படமான 'நிலா எழுந்தது' தயாரிப்புக்கு வந்தபோது, மீண்டும் படமெடுக்கத் தொடங்கியிருந்த நிக்கட்சு நிறுவனத்துக்கும் மற்ற ஐந்து பெரிய நிறுவனங்களுக்கும் இடையே கடும் பகை. நடிகர்களை இழுத்துப்போகக்கூடாது என்று ஐந்தும் ஒப்பந்தம் போட்டிருந்தன. இயக்குநர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் மிசோகுச்சி இந்தப் படத்துக்கு எதிராக நின்றார். இயக்குநர் யசுஜிரோ ஓசு தனாகாவின் பக்கம் நின்றார். திரைக்கதையை ரியோசுகே சைட்டோவோடு சேர்ந்து எழுதியவரும் ஓசுதான். படம் 1955 ஜனவரியில் வெளியானது. மிசோகுச்சிக்கும் தனாகாவுக்கும் இருந்த நெருக்கம் பழையபடி ஆகவில்லை; அடுத்த ஆண்டு மிசோகுச்சி இறந்துபோனார்.

'நிலா எழுந்தது' நாரா நகரில் நடக்கும் இலேசான கதை. மூன்று சகோதரிகள், தந்தையாக சிஷு ரியு, தந்தியில் மான்யோஷு என்ற பழைய ஜப்பானியக் கவிதைத் தொகுப்பின் பாடல் எண்களை அனுப்பிக் காதல் சொல்லும் ஒரு ஜோடி. ஓசுவின் எழுத்து என்பதால் ஓசுவின் சாயல் என்று தள்ளிவிடுபவர்கள் ஒரு காட்சியை மறந்துவிடுகிறார்கள். கடைக்குட்டி செட்சுகோ ஒரு பொய்த் தொலைபேசி அழைப்புக்காக வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்: இப்படிப் பேசு, இன்னும் நளினமாக, மறுபடி சொல். பணிப்பெண்ணாக நடித்திருப்பவர் தனாகா. இயக்குநரே திரையில், தன்னைவிட 20 வயதுக்கு மேல் இளைய நடிகை இயக்கச் சொன்னபடியெல்லாம் நடிக்கிறார். 30 ஆண்டுகள் மற்றவர் சொன்னதைச் செய்தவர், சொல்லும் இடத்துக்கு வந்தபின் அந்த உறவை வேடிக்கையாகத் திரையில் வைத்துக்காட்டுகிறார். ஓசு தன் படங்களில் இப்படி ஒரு காட்சி எடுத்ததில்லை.

மூன்றாவது படத்தில்தான் அவர் தன் முழு உயரத்துக்கு வந்தார். பெயர் 'முலைகளே, என்றும் வாழ்க'. 2002இல் குட்டி ரேவதியின் கவிதைத் தொகுப்பு தலைப்புக்காகவே பட்ட வசையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, 1955இல் ஒரு பெரிய ஸ்டுடியோ படத்துக்கு இந்தப் பெயரை வைக்க என்ன துணிச்சல் வேண்டியிருக்கும் என்று தெரியும்.

படம் ஒரு நிஜக் கவிஞரைப் பற்றியது. ஹொக்கைடோ தீவின் ஒபிஹிரோவில் பிறந்த ஃபுமிகோ நகாஜோ, மணமுறிவுக்குப் பின் தங்கா கவிதைகள் எழுதியவர். மார்பகப் புற்றுநோயால் இரு மார்பகங்களையும் இழந்தார். 1954இல் ஒரு கவிதை இதழின் பரிசு அவரை ஒரே இரவில் நாடறியச் செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், 31 வயதில் இறந்தார். 15 மாதத்தில் படம் வந்துவிட்டது. திரைக்கதை எழுதிய சுமியே தனாகா ஒரு பெண். நருசேயின் 'உணவு', 'மின்னல்' போன்ற படங்களின் திரைக்கதையில் கைதேர்ந்தவர். இயக்குநருக்கு உறவினர் அல்ல, பெயர் மட்டும் ஒன்று.

இப்படி ஒரு கதையைக் கேட்டதும், கண்ணீர்ப் படம், நோயாளியைத் தியாகச் சுடராக்கும் படம் என்று மனம் எதிர்பார்க்கும். தனாகாவின் நாயகி தியாகி அல்ல. அவளுக்குக் கோபம் வரும், பொறாமை வரும், ஆசை வரும். அவள் மனத்தில் நேசித்த மனிதர் இறந்தபின், அவர் வீட்டுக்குப் போய், அவர் குளித்த தொட்டியில் குளிக்க வேண்டும் என்று அவர் மனைவியிடமே கேட்கிறாள். அந்த மனைவி அவளுக்குத் தோழி. குளித்துக்கொண்டே, அறுவைசிகிச்சையின் வடுவைப் பார் என்று தோழிக்குக் காட்டுகிறாள். தோழி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நாம் பார்ப்பது வடுவை அல்ல, பார்க்க முடியாமல் திரும்பும் முகத்தை. காதல், பழி, வலி, ஒருவித வெற்றி எல்லாம் ஒரு சின்னக் குளியலறைக்குள் ஒரே நேரத்தில் நிற்கின்றன. 1950களின் ஜப்பானிய சினிமாவில், மிசோகுச்சியையும் நருசேயையும் சேர்த்தே சொல்லலாம், பெண்ணுடலைப் பற்றி இதைவிட நேர்மையான காட்சி இல்லை.

பிறகு டோக்கியோவிலிருந்து ஒரு பத்திரிகையாளன் வருகிறான். சாகப்போகிறவள் என்பதால்தானே என் கவிதை செய்தியாகிறது என்று அவள் அவனைச் சீண்டுகிறாள். கடைசியில் அவனையே காதலிக்கிறாள். மருத்துவமனைப் படுக்கையில், தன்னோடு இருக்கும்படி கேட்கவும் செய்கிறாள். மரணப்படுக்கையில் இருக்கும் பெண்ணின் காமத்தைப் பரிதாபமின்றி, கொச்சையின்றி எடுக்க முடியும் என்று தனாகா காட்டினார். யுமேஜி சுகியோகா என்ற நடிகையிடமிருந்து அதை வாங்கியது, நடிப்பின் உள்வழி அறிந்த ஓர் இயக்குநரின் கை.

அடுத்த படத்துக்கு ஐந்து ஆண்டு ஆனது. 1960இல் வந்த 'அலையும் இளவரசி' அவருடைய முதல் வண்ணப்படம். மஞ்சூரியாவின் பொம்மை அரசர் பூயியின் தம்பியை மணந்த ஹிரோ சாகா என்ற ஜப்பானியப் பிரபுக்குலப் பெண்ணின் தன்வரலாற்றைத் தழுவியது. மச்சிகோ கியோ நடித்தார். திரைக்கதை நட்டோ வாதா. கண்ணுக்கு நிறைவான படம்தான். ஆனாலும் ஜப்பான் அந்த மண்ணில் செய்த கொடுமைகள் நாயகியின் துயரத்துக்குப் பின்னால் மங்கிப்போகின்றன. 'காதல் கடிதத்'தில் போருக்கு எல்லாரையும் பொறுப்பாக்கியவர் இங்கே அந்தக் கேள்வியைத் தளர்த்திவிட்டார் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆறையும் சேர்த்துப் பார்ப்பதில் இந்தப் பயனும் உண்டு: வெற்றியோடு சறுக்கலும் தெரிகிறது.

1961இன் 'பெண்களின் இரவு' மறுபடி சுமியே தனாகாவோடு செய்தது. பாலியல் தொழில் தடைச்சட்டம் 1956இல் நிறைவேறி, 1958இல் தண்டனைப் பிரிவுகளோடு முழு நடைமுறைக்கு வந்திருந்தது. பிடிபட்ட பெண்களுக்கு மறுவாழ்வு இல்லங்கள். படம் அப்படி ஓர் இல்லத்தில் தொடங்கி, வெளியே வேலைக்குப் போகும் குனிகோ என்ற இளம்பெண்ணைப் பின்தொடர்கிறது. கடை, தொழிற்சாலை, ரோஜாத் தோட்டம் என்று இடம் மாறிக்கொண்டே போகிறாள். பழங்கதை தெரியவந்ததும் ஒவ்வோர் இடமும் அவளை வெளியே தள்ளுகிறது. தொழிற்சாலையில் அவளைச் சித்திரவதை செய்பவர்கள் சக தொழிலாளிப் பெண்கள். காதலிப்பவனின் குடும்பம் குலப்பெருமை பேசி மறுக்கிறது. மிசோகுச்சி 1948இல் இதே உலகை 'இரவின் பெண்க'ளாக எடுத்தபோது அதில் நாயகியாக நடித்தவர் தனாகாதான். அங்கே தெருவின் நரகத்தைக் காட்டினார்கள். தனாகா, தெருவை விட்டு வந்தபின் நல்லவர்கள் நடத்தும் நரகத்தைக் காட்டினார். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் யாரும் விடக்கூடாது.

கடைசிப் படம் 1962இன் 'ஓகின்'. 16ஆம் நூற்றாண்டு; தேநீர்க்கலை ஆசான் சென் நோ ரிக்யுவின் மகள், மணமான கிறித்துவப் பிரபு தகயாமா உகோனைக் காதலிக்கிறாள். ஓர் ஆண்டையின் ஆசைக்கு இணங்காத பெண்ணைச் சிலுவையில் அறையக் கூட்டிச்செல்லும் காட்சி ஒன்று உண்டு. அவளை அண்ணாந்து பார்க்கும் ஓகினின் முகத்தில் பயத்தைவிட வியப்பே அதிகம். படத்தைத் தயாரித்தது நிஞ்ஜின் கிளப். கெய்கோ கிஷி, யோஷிகோ குகா, இனேகோ அரிமா என்ற மூன்று நடிகைகள் 1954இல் தொடங்கிய அமைப்பு. அரிமாவே ஓகினாக நடித்தார். ஸ்டுடியோக்களின் பிடியிலிருந்து நடிகைகள் விடுபட முயன்ற வரலாறும் இந்தப் படத்துக்குள் இருக்கிறது.

அதன்பின் அவர் இயக்கவில்லை. நடிப்பு நிற்கவில்லை. ஏற்கெனவே 1958இல் 'நரயாமா'வில் மலைக்குச் சாகப்போகும் கிழவிக்காகத் தன் முன்பற்களைப் பிடுங்கிக்கொண்டவர். 1974இல் கெய் குமாயின் 'சண்டகான் எண் 8'இல், போர்னியோவுக்கு விற்கப்பட்டுத் திரும்பிய முதியவளாக வந்து, மறு ஆண்டு பெர்லினில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி பெற்றார். 1977 மார்ச் 21 அன்று மூளைக்கட்டியால் இறந்தார். மைனிச்சி விருதுகளில் 1985 முதல் அவர் பெயரில் ஒரு பரிசு தரப்படுகிறது. அது நடிகையருக்கான பரிசு.

இவ்வளவு பெரிய ஆளுமையின் ஆறு படங்கள் ஏன் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தன? ஆண்களின் அலட்சியம் ஒரு காரணம். இன்னொன்று கணக்குப்புத்தகம் சார்ந்தது. 'காதல் கடிதம்' ஷின்தோஹோ தயாரிப்பு. அந்த நிறுவனம் 1961இல் திவாலாகி, உரிமை கைமாறியது. அடுத்த இரண்டு நிக்கட்சு. நான்காவது தய்யே, அது இப்போது கடோகவாவிடம். ஐந்தாவது தோஹோ குழுமம். ஆறாவதை வெளியிட்டது ஷொச்சிக்கு. ஓசுவுக்கு ஒரு ஷொச்சிக்கு இருந்ததுபோல், தன் இயக்குநர் என்று உரிமையோடு பேசி உலக விழாக்களுக்கு அனுப்பத் தனாகாவுக்கு ஒரு நிறுவனம் இல்லை. ஆறு படங்களையும் ஓர் அரங்கில் காட்ட வேண்டுமானால் ஐந்து உரிமையாளர்களிடம் தனித்தனியாகப் பேச வேண்டும், ஐந்து இடங்களில் நெகட்டிவ் தேட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் புதுப்பிக்கும் செலவுக்கு ஆள் பிடிக்க வேண்டும். 2018இல் எடின்பரோ பல்கலைக்கழகப் பதிப்பகம் அவரைப் பற்றி ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டது. ஆய்வாளர்களும் விழா அமைப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் சேர்ந்து தள்ளியதால்தான் இந்தத் தேர் நகர்ந்தது. திரையிடலுக்குப் பின்னால் இருக்கும் இந்த எழுத்தர் வேலையை யாரும் பாராட்டுவதில்லை. உண்மையான கௌரவம் அந்த வேலைதான்.

இனி, தமிழ்நாட்டில் இதைக் கேட்பவர்கள் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். சகானே தன் படத்தை இயக்கிய அதே 1936இல் இங்கே டி. பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா'வை எழுதி இயக்கி நடித்தார். தனாகாவின் முதல் படம் வந்த அதே 1953இல் பி. பானுமதி 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கினார். 'மிஸ் கமலா' இன்று பார்க்கக் கிடைப்பதில்லை, சகானேயின் படத்தைப் போலவே. சாவித்திரி இயக்கிய 'குழந்தை உள்ளம்', 'பிராப்தம்' பற்றிப் பேசும்போதெல்லாம் அவருக்கு அதில் போன பணத்தைத்தான் பேசுகிறோம். ஒரு ஷாட்டைக்கூடப் பேசுவதில்லை. பானுமதியும் சாவித்திரியும் நல்ல இயக்குநர்களா, சுமாரானவர்களா என்று சொல்வதற்குக்கூட, அவர்கள் இயக்கிய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தவர்கள் நம்மிடையே இல்லை.

திரைப்படச் சங்கங்களும் கல்லூரிக் காட்சித் தொடர்பியல் துறைகளும் அந்த வரிசையை உருவாக்க வேண்டும். முதலில் யாரிடம் எந்தப் படத்தின் உரிமை, எங்கே பிரதி என்ற பட்டியல் தேவை. பழைய திரையரங்குக் குடும்பங்களிலும் விநியோகஸ்தர் கிடங்குகளிலும் படச்சுருளோ, பாட்டுப் புத்தகமோ, புகைப்படமோ இருந்தால் அதைப் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். ரசாயனம் கெட்டு, சுருள் ஒட்டிக்கொண்ட பிறகு எந்தத் தொழில்நுட்பமும் அதைத் திருப்பித் தராது.